டீச்சரின் முதுகு

என் இளைய மகள் இந்த வருஷம் ஒன்றாம் வகுப்பு. சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு சாமி படத்துக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு வாசிப்பாள். நான் புத்தகத்தைப் பார்ப்பதில்லை. அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். தன் வாயில் என்ன இருக்கிறது என்று கேட்பாள். ஒன்றுமில்லை, நீ வாசி என்பேன். அந்த நேரத்தில் எனக்கு என் தம்பி நினைப்பு வந்துவிடும்.

சங்கரன்கோவிலில் எங்கள் தெருவுக்குப் பின்னால்தான் பள்ளிக்கூடம். ஒன்றாம் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் ஒரே அறை, ஒரே டீச்சர், ஒரே போர்டு. போர்டின் நடுவில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்திருப்பார்கள். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் இரண்டு. என்னைச் சேர்க்கும்போது அம்மா தம்பியையும் துணைக்குச் சேர்த்துவிட்டாள். மறுவருஷம் நான் கோட்டைத் தாண்டி வலது பக்கம் போனேன். தம்பி இடது பக்கமே இருந்துவிட்டான்.

டீச்சர் வாசுதேவநல்லூரிலிருந்து பஸ்ஸில் வருவார்கள். வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள். அறைக்குள் வந்ததும் ஒரு நிமிஷம் கண்ணை மூடி நின்றுவிட்டுத்தான் சாக்பீஸை எடுப்பார்கள். போர்டுப் பக்கம் திரும்பி, எழுத்தை எழுதிக்கொண்டே அதன் பெயரைச் சத்தமாகச் சொல்வார்கள். அவர்கள் முதுகைப் பார்த்தபடி நாங்கள் எல்லாரும் சேர்ந்து திருப்பிச் சொல்வோம். பிறகு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தரையில் கொட்டியிருக்கும் மணலில் விரலால் எழுத வேண்டும். அப்படித்தான் அந்தத் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் எழுதப் படிக்கக் கற்றோம்.

மணலில் தம்பியைப்போல யாரும் எழுதமாட்டார்கள். சுழியும் கொம்பும் போர்டில் இருப்பது மாதிரியே விழும். மற்றப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, இவனைப் பார்த்து எழுதுங்கள் என்று டீச்சரே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் எழுதியதைத் தொட்டுக் காட்டி இது என்ன எழுத்து என்று கேட்டால், டீச்சர் முகத்தையே பார்ப்பான். பிறகு என் முகத்தைப் பார்ப்பான். ஏதோ ஒன்றை வாய்க்கு வந்தபடி சொல்வான். வகுப்பே சிரிக்கும்.

அவனுக்குக் காது கேட்கவில்லை. இன்றைக்கு இதை ஒரு வரியில் எழுதிவிட முடிகிறது. அன்றைக்கு அது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. மூன்று வயதில் அவனுக்கு அம்மை போட்டிருந்தது. வேப்பிலையில் படுக்க வைத்து, அம்மன் இறங்கியதும் தண்ணீர் ஊற்றினார்கள். பிள்ளையைத் திருப்பித் தந்தாளே என்று அம்மா கோமதியம்மனுக்கு மாவிளக்கு எடுத்தாள். பிள்ளை முழுதாகத் திரும்பி வரவில்லை என்பதைக் கவனிக்க எங்கள் வீட்டில் வழியில்லாமல் இருந்தது.

ஏனென்றால் எங்கள் வீட்டில் விசைத்தறி ஓடியது. விடிந்ததிலிருந்து ஓடும். தறி ஓடுகிற வீட்டில் யாரும் முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிடுவதில்லை. தோளைத் தொட்டுத் திருப்பி, முகத்துக்கு நேராக வாயைப் பெரிதாக அசைத்துச் சொல்லுவோம். பாதி பேச்சு கையில்தான். சாப்பிட வா என்றால் ஒரு கை, நூல் அறுந்துவிட்டது என்றால் ஒரு கை. எல்லாரும் கத்தித்தான் பேசுவோம், அவனும் கத்தினான். அந்த வீட்டுக்குள் எங்கள் எல்லாரையும்விட அவன் கெட்டிக்காரன். அப்பா தூரத்தில் நின்று உதட்டை அசைத்தாலே ஓடிப்போய் நூல் சுற்றிய தார்க்குச்சியை எடுத்து வந்துவிடுவான்.

அவன் வாசிக்கவில்லை என்று தெரிந்ததும் அப்பா ஒரு முடிவுக்கு வந்தார். கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா வரைக்கும் பார்ப்பது, அதற்குள் ஒரு பக்கமாவது வாசித்துக் காட்டாவிட்டால் வீட்டில் தார் சுற்ற உட்கார்த்திவிடுவது. அப்பா கோபமாகச் சொல்லவில்லை. படிப்பு வராத பிள்ளையை அடி வாங்க விடுவானேன் என்கிற இரக்கம்தான். என் மூலமாக அது டீச்சர் காதுக்குப் போனது. அன்றைக்குச் சாயங்காலமே, பஸ்ஸை விட்டுவிட்டு, டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

டீச்சர் வீட்டுக்கு வருவது பெரிய காரியம். அம்மா பாயை உதறிப் போட்டு, கலர் சோடா வாங்க என்னைக் கடைக்கு விரட்டினாள். நான் திரும்பி வந்தபோது டீச்சர் தறிக்குப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவசரமாக முடித்துக் கொடுக்க வேண்டிய சேலை ஓடியதால் அப்பா தறியை நிறுத்தவில்லை. டீச்சருக்குத் தறி வீட்டில் பேசத் தெரியவில்லை. வகுப்பில் பேசுகிற மாதிரியே பேசினார்கள். அவர்கள் சொல்வது அப்பாவுக்குப் புரியவில்லை, அப்பா கேட்பது அவர்களுக்குப் புரியவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் தலையை ஆட்டினார்கள்.

அப்போது தம்பி நடுவில் வந்து நின்றான். டீச்சர் முகத்தை அண்ணாந்து பார்த்தான். பிறகு அப்பா பக்கம் திரும்பி, கையை ஆட்டிக் கத்தினான்.

"எழுத்து நல்லா இருக்காம். வாயத் தொறந்து வாசிக்க மாட்டேங்கேனாம். பள்ளியோடத்த விட்டு நிப்பாட்டக் கூடாதாம்ப்பா."

தன்மேல் வந்த பிராதை ஒரு சொல் குறையாமல் அவனே எடுத்துச் சொன்னான். அப்பா சொன்ன பதிலையும் டீச்சரிடம் திருப்பிச் சொன்னான். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பாவும் சிரித்துவிட்டுத் தறியை நிறுத்தினார்.

"பாத்தீங்களா டீச்சர், நம்ம ரெண்டு பேருக்கும் வெளங்காதது அவனுக்கு வெளங்குது. காதும் அறிவும் நல்லாத்தான் இருக்கு. படிக்க மனசில்ல, அம்புட்டுத்தான்."

டீச்சர் மனதில் வேறு ஏதாவது சந்தேகம் இருந்து, அதைக் கேட்கத்தான் வந்தார்களோ என்று இப்போது நான் நினைப்பதுண்டு. இருந்திருந்தால் அது அந்த இடத்திலேயே போயிருக்கும். இவ்வளவு விவரமான பையன் பிடிவாதம் பிடிக்கிறான் என்றுதான் அவர்களும் எடுத்துக்கொண்டார்கள். அவனுக்காக ஜெபம் பண்ணுவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு, கலரைப் பாதி குடித்து வைத்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் அவனை ஆகப் பின்னாலிருந்து எழுப்பி, போர்டுக்கு அடியிலேயே உட்கார வைத்தார்கள். பக்கத்தில் இருந்தால் படிப்பான் என்கிற நல்ல எண்ணம்தான். பின்னால் இருந்தபோதாவது டீச்சர் பக்கவாட்டில் திரும்புகையில் உதடு கொஞ்சம் தெரிந்திருக்கும். போர்டுக்கு அடியில் அவர்களுடைய சேலை மட்டும்தான் தெரிந்தது.

ஆடித்தபசு வந்தது. அம்மா அவனுக்காக ஆடிச்சுற்று வேண்டிக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாகக் கோயிலைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கால் வீங்கிப்போனது. கடைசிச் சுற்று முடிந்ததும் அவனை இழுத்துக்கொண்டு போய், கோயிலில் பிரசாதமாகத் தருகிற புற்றுமண்ணைக் கரைத்து அவன் நாக்கில் தடவினாள். தாயே, இந்த வாய்க்கு ஒரு எழுத்தைக் கொடு என்று அழுதாள். தம்பி மண்ணைச் சப்புக்கொட்டித் தின்றுவிட்டு இன்னும் வேண்டும் என்று கை நீட்டினான். அம்மா அம்மனிடமும், டீச்சர் அவர்களுடைய ஆண்டவரிடமும், அவன் வாய்க்காகத்தான் வேண்டினார்கள். காதுக்காக யாரும் வேண்டவில்லை. வேண்டிக்கொள்ளாததை அம்மன் எப்படிக் கொடுப்பாள் என்று எனக்குச் சில நேரம் தோன்றும். ஏன், அவளுக்குத் தெரியாதா என்றும் தோன்றும். தோன்றியதும் கன்னத்தில் போட்டுக்கொள்வேன்.

லீவு முடிந்து நான் மட்டும் பள்ளிக்கூடம் போனேன். அவன் தார் சுற்ற உட்கார்ந்தான். மீசை அரும்புகிற வயதில் ஒரு மருத்துவ முகாமில் யாரோ ஒரு டாக்டர், அவன் முதுகுக்குப் பின்னால் நின்று கையைத் தட்டிப் பார்த்துவிட்டு, எத்தனை வருஷமாக இப்படி என்று கேட்டார். அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. டீச்சர் அதற்கு முன்பே மாறுதலாகிப் போயிருந்தார்கள். அவர்களைத் தேடிப் போய் யாரும் சொல்லவில்லை. தம்பி இன்றைக்கும் தறிதான் ஓட்டுகிறான். எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளில் அழைக்கிறவர்கள் பெயரை, சீட்டைப் பார்த்து அவன்தான் எழுதுவான், எழுத்து அச்சு மாதிரி இருக்கும். எழுதியதை யாராவது வாசித்துக் காட்ட வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் அவனுக்குக் கடைசி நாள் தபசு லீவுக்கு முந்தின நாள். வீட்டுக்கு வருகிற வழியில் தம்பி என் தோளைத் தொட்டுத் திருப்பினான். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்கிறவன் மாதிரி முகத்தை வைத்திருந்தான்.

"எக்கா, டீச்சர் அங்கன திரும்பி எழுதையில ஒண்ணுமே பேச மாட்டாங்கல்லா? அது இன்ன எழுத்துன்னு ஒங்களுக்கெல்லாம் எப்படித் தெரியுது?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய், தறிச் சத்தத்துக்கு மேல் கத்தி, அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரித்தாள். அப்பாவிடம் கையைக் காட்டிச் சொன்னாள், அப்பாவும் சிரித்தார். வாசலில் பையோடு நின்ற தம்பி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். எல்லாரும் சிரிக்கிறோம் என்று தெரிந்ததும் அவனும் சிரித்தான்.