எங்கள் வீட்டில் வரக்காப்பி கிடையாது

அவனுடைய அப்பாவும் அம்மாவும் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள் என்று முடிவான நாளிலிருந்து எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. அவனும் நானும் சிறுசேரியில் ஒரே அலுவலகம். அவர்கள் அடையாற்றுக்காரர்கள். நாங்கள் செய்யூருக்குப் பக்கத்தில், சவுக்குத் தோப்பைத் தாண்டி உள்ளே. சாதியும் வேறு. அது இரண்டு பக்கத்துக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்லபடியாகப் போனால் கல்யாணம், சொதப்பினால் அதோடு சரி என்று நானாகவே முடிவுகட்டியிருந்தேன்.

அவர்கள் வீட்டுக்கு இரண்டு முறை போயிருந்தேன். போலீஸ்காரி மாதிரி கண்ணாலேயே சோதனை போட்டேன். பணம் இருக்கிற வீட்டில் எதுவும் பளபளக்காது என்பதுதான் என் கண்டுபிடிப்பு. சுவர் வெறுஞ்சுவர். திரைச்சீலை கோணிக் கலர். ஹாலில் ஒரு பழைய ஆட்டுக்கல், அதில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிட்டிருந்தார்கள். எங்கள் ஆட்டுக்கல் கொல்லையில் கிடக்கிறது, அதன்மேல் கோழி உட்கார்ந்திருக்கும்.

ஆகவே எங்கள் வீட்டில் நான் நுழைந்து சூறையாடினேன். சுவிட்ச் போட்டால் தண்ணீர் ஓடுகிற அருவிப் படம், ஷோகேஸ் பொம்மைகள், ஃப்ரிட்ஜுக்குப் போர்த்தியிருந்த பூப்போட்ட துணி, எல்லாம் கட்டிலுக்கு அடியில் போயின. வாங்கி நாலு வருஷமாகியும் பிரிக்காத சோபாவின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்தபோது, ஸ்கூல் வேன் ஓட்டுகிற என் அப்பாவின் முகம் சுருங்கியது.

"அழுக்கானா யாரு தொடைக்கிறது?"

"அழுக்கானா ஆவட்டும்பா. அதான் ஸ்டைலு."

ஆட்டுக்கல்லை ஹாலுக்கு உருட்டிக்கொண்டு வரலாமா என்று கேட்டேன். அப்பா, "அவங்க ஆட்டுக்கல்ல ஹால்ல வெச்சிகினு கீறாங்கன்னா, மாவு எங்க ஆட்டுறாங்க?" என்றார். ஆட்டுக்கல்லும் கோழியும் தப்பித்தன.

அடுத்தது பேச்சு. 'இன்னா' கூடாது, 'கீது' கூடாது, 'குந்து' கூடவே கூடாது. அப்பா புத்திசாலி, வாங்க, உட்காருங்க, சந்தோஷம் என்று மூன்றே வார்த்தைகளை எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிட்டார். அம்மா சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறாள். நூறு பிள்ளைகளை அதட்டிப் பழகிய வாய். "நான் பேசல, காப்பி போட்டுக் குடுக்கறேன், போதுமா?" என்று முறைத்தாள். அது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்தக் காப்பியைப் பற்றி மட்டும் நான் யோசிக்கவே இல்லை.

அவர்கள் வந்தார்கள். அப்பா மூன்று வார்த்தைகளையும் முதல் நிமிஷத்திலேயே செலவழித்துவிட்டு, மீதி நேரம் சிரித்துக்கொண்டே இருந்தார். அவன் அம்மா நிலக்கடலைச் சாகுபடி பற்றிக் கேட்டதற்கும் "சந்தோஷம்" என்றார். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அம்மா எட்டிப்பார்த்து, காப்பி கொண்டு வரட்டுமா என்று அழகாகக் கேட்டாள்.

அவன் அம்மா, "எனக்கு மட்டும் பிளாக் காஃபிங்க. பால் வேண்டாம்" என்றார்.

அம்மா முகம் செத்துப்போனது. பின்னாலேயே அடுப்படிக்கு ஓடினேன். காலையிலேயே சொசைட்டிக்குப் போய் வாங்கி வந்த ரெண்டு லிட்டர் பால், ஏடு படியக் காய்ச்சி, அங்கே இருந்தது.

"நம்ம வூட்டுப் பாலு வேணாமாம்" என்றாள், குரலே வெளியே வராமல். "ஏன்னு உனக்குத் தெரியாதா?"

"ஐயோ, அது இல்லமா. அவங்க எப்பவுமே வரக்காப்பிதான். பெரிய பெரிய ஆளுங்கல்லாம் அப்படித்தான் குடிக்கறாங்க. அவங்க வூட்ல நானே ரெண்டு வாட்டி குடிச்சேன்."

"வக்கிருக்கிறவங்க எதுக்குடி வரக்காப்பி குடிக்கணும்?"

அந்தக் கசப்புத் தண்ணீரை நான் 'சூப்பர் ஆன்ட்டி' என்று சொல்லிக் குடித்தது ஞாபகம் வந்தது. சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, எது முதலில் வந்ததென்று சொல்ல முடியாது. அதற்குள் அம்மா தட்டைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டாள். எல்லா டம்ளரிலும் பால் காப்பி. அவன் அம்மா முன்னாலும் ஒன்றை வைத்தாள்.

"தப்பா நெனச்சிக்காதீங்க. எங்க வூட்ல வரக்காப்பி குடுக்கறதில்ல. நான் நடவுக்குப் போனப்போ வரப்புல எங்களுக்கு அதான் ஊத்துவாங்க. வூட்டுக்குள்ள வந்து குந்துறவங்களுக்குத்தான் பாலு. நீங்க உள்ள வந்து குந்திகினு கீறீங்க. உங்களுக்குப் பாலுதான்."

இரண்டு வாரப் பயிற்சி ஒரே மூச்சில் போனது. கல்யாணமும் போனது என்று நினைத்தேன். அவன் அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார், அவன் அம்மா அவர் கையை அழுத்தினார். பிறகு டம்ளரை எடுத்து, ஆற்றக்கூடச் செய்யாமல், கடைசிச் சொட்டு வரை குடித்தார். "நல்லா இருக்குங்க" என்றார். அம்மா விடவில்லை, இன்னும் அரை டம்ளர் ஊற்றினாள். அதையும் குடித்தார்.

சாயங்காலம் அவனிடமிருந்து போன். மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டல், திருவிடந்தையில் ஒரு பெட்ரோல் பங்க், அப்புறம் இன்னொரு ஓட்டல், மூன்று இடத்தில் காரை நிறுத்தினார்களாம். அவன் அம்மாவுக்குப் பால் ஒத்துக்கொள்ளாதாம். பல வருஷமாகவே.

"ஏன்டா முன்னாடியே சொல்லல?"

"முதல்முதலா போற வீட்ல வயிறு சரியில்லன்னா சொல்லுவாங்க? டீசன்ட்டா இருக்காதுன்னு, பிளாக் காஃபிதான் பிடிக்கும்னே எல்லார்கிட்டயும் சொல்லிடுவாங்க."

எங்கள் வீட்டில் ஒருவருக்கு வயிறு சரியில்லை என்றால் தெருமுனைக் கடைக்காரர் வரைக்கும் தெரியும். அவன் சொன்னதைக் கேட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். அதற்குப் பிறகுதான் அவன் சொன்னான்: "தேதி எப்ப வெச்சிக்கலாம்னு உங்கம்மாவைக் கேக்கச் சொன்னாங்க."

அம்மாவிடம் மூன்று நிறுத்தங்களையும் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். தோள் குலுங்கியது. சிரிப்பு என்றுதான் நினைத்தேன். திரும்பியபோது கண் ஈரமாக இருந்தது. "தெரிஞ்சேவா குடிச்சாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அருவிப் படம் அன்றைக்கே சுவருக்குத் திரும்பியது. கல்யாணமும் ஆகிவிட்டது. இப்போது அவர்கள் வந்தால் அம்மாவே வரக்காப்பி வைக்கிறாள், சர்க்கரை இல்லாமல், கேட்காமலேயே. ஆனால் டம்ளருக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் நிறைய, ஏடு படிந்த பால் வைப்பாள். யாரும் அதைத் தொடுவதில்லை.

"அவங்களுக்குத்தான் ஒத்துக்காதேமா, அப்புறம் எதுக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"குடிக்கறதுக்கா வெக்கிறேன்?" என்றாள். "நம்ம வூட்ல கீதுன்னு தெரியட்டும்."