அம்பாசிடரின் வலது பக்கத் தகடு

2023 ஜூன் 17, சனிக்கிழமை, காலை ஆறேகால் மணி. மழை இல்லை, மேகம் மட்டும் இருந்தது. ஐந்து நாளாக மேற்கிலிருந்து விடாமல் வீசிய கச்சான் காற்று தேரிக்காட்டுச் செம்மண்ணைத் தூத்துக்குடிக்குள் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தது. நான் கொட்டகையில் சாக்கு விரித்துப் படுத்து, என் அம்பாசிடரின் வலது கதவுக்குக் கீழே ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பார்த்தேன். மூன்றாவது தட்டில் அது பிடிவரை உள்ளே போய்விட்டது.

வெளியே இழுத்தேன். ஒரு கை நிறையத் துரு கொட்டியது. முப்பத்தோரு வருடம் துறைமுகத்தில் கப்பல் மூட்டைகளை எண்ணிக் கணக்கு எழுதியவன் நான். எண்ணாமல் எழுந்திருக்க முடியவில்லை. வலது பக்கம் இருபத்து மூன்று ஓட்டை, இடது பக்கம் பதினான்கு. முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை கதவுகளுக்கு அடியில் ஓடும் பெட்டி போன்ற தகடு அது. வண்டியின் பாரத்தில் ஒரு பங்கை அதுதான் சுமக்கிறது. கடற்காற்று அதை உள்ளிருந்தே தின்றிருக்கிறது. வெளியே என் கறுப்புப் பெயிண்ட் பளபளத்துக்கொண்டிருந்தது.

கவலைக்குக் காரணம் ஓட்டை மட்டுமல்ல. வண்டியின் பதிவு ஆகஸ்ட் 28-உடன் முடிகிறது. அதற்கு முன் வாகன ஆய்வாளரிடம் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். அடிப்பாகம் ஓட்டையாக இருந்தால் அவர் விடமாட்டார். சென்னையிலிருக்கும் மகன் போனில் தீர்ப்பே சொல்லிவிட்டான். "ஒரு தடவை காட்டுங்கப்பா. பாஸ் ஆகலைன்னா காயலான் கடைக்குக் குடுத்துருங்க. எழுபத்திரண்டு வயசுல இனி என்னத்துக்கு டிரைவிங்? ஆட்டோல போங்க." நான் சரி என்றேன். போன் ஸ்பீக்கரில் இருந்ததால் என் மனைவியும் சாட்சி. இந்த வண்டி போனால் இன்னொன்று வாங்க அவன் விடமாட்டான், வாங்க என்னிடம் பணமும் கிடையாது. அதற்குப் பிறகு என் வாழ்நாளில் ஸ்டீயரிங் பிடிக்கப்போவதில்லை. அதை நினைத்து மூன்று இரவு சரியாகத் தூங்கவில்லை.

சென்னை புதுப்பேட்டையில் இரண்டு பக்கத்துக்கும் பழைய இருப்பில் புதுத் தகடு கிடைத்தது. பக்கத்துக்கு ஒன்றுதான், மூன்றாவது இல்லை. லாரி பார்சலில் வந்து சேர்ந்தது. பொருத்தத்தான் ஆள் இல்லை. டிங்கர் பட்டறையில், பழைய தகட்டின் மேலேயே பட்டி பூசித் தார் அடித்துத் தருவதாகச் சொன்னார்கள். ஆய்வாளர் சுத்தியலால் தட்டினால் என்ன செய்வது என்று கேட்டேன்.

"மெதுவா தட்டச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றார் பட்டறைக்காரர்.

துறைமுகச் சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்களைப் பற்றவைக்கும் கடைக்குப் போனேன். அவர்கள் கைபழகியது அரை அங்குலத் தகட்டில். என் பழைய தகட்டை வெல்டிங் ராடால் தொட்ட மாத்திரத்தில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை விழுந்தது. "இது தகடா, அப்பளமா?" என்று கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு சிரித்தார் அந்த ஆள்.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். என் மனைவி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "ஊர்ல ஒருத்தன் வேலையும் ஒங்களுக்குப் பிடிக்காது. பேசாம நீங்களே பத்த வைங்க" என்றாள். குத்தலாகத்தான் சொன்னாள். நான் அதை அனுமதியாக எடுத்துக்கொண்டேன்.

ஜூலை கடைசியில், மாதா கோவிலில் கொடியேறிய வாரத்தில், ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் பத்து நாள் வெல்டிங் வகுப்பில் சேர்ந்தேன். மாலை நான்கு முதல் ஆறு வரை. என்னோடு படித்த ஒன்பது பேரும் வளைகுடாவுக்குப் போகக் காத்திருந்தவர்கள். சொல்லிக்கொடுத்தவர் ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். திருச்சிப் பக்கம் பாய்லர் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். கிரைண்டர் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும் தொண்டை அவருக்கு.

"சார் துபாய்க்கா, கத்தாருக்கா?" என்றார் முதல் நாள்.

"எங்க வீட்டுக் கொட்டகைக்கு."

வகுப்பு மொத்தமும் சிரித்தது. நான் வண்டிக் கதையைச் சொன்னேன். சிரித்து முடித்தவர் என் கையில் ஒரு துப்பாக்கியைக் கொடுத்தார். விசையை அழுத்தினால் முனையில் மெல்லிய கம்பி வரும், கூடவே கண்ணுக்குத் தெரியாத வாயுவும் வரும். கம்பி தகட்டைத் தொட்டு உருகும்போது அந்த வாயுதான் காற்றை அண்டவிடாமல் மூடி நிற்கிறது. "பாக்கதுக்கு முன்ன கேளுங்க சார். அயிலை மீன் பொரியுற மாதிரி ஒரே சீரா சத்தம் வரணும். படபடன்னு வெடிச்சா தப்பு."

முகமூடியைக் கவிழ்த்து விசையை அழுத்தினேன். கண்ணாடி தானே கறுத்தது. அந்தக் கறுப்புக்கு நடுவில் ஒரு பச்சை வெளிச்சம், அதற்குள் கம்பிப் பதத்துக் கருப்பட்டிப் பாகு போலத் தளதளத்து ஒரு சொட்டு இரும்பு. இரும்பு நீராகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். அதை என் கைக்கு அடியில், என் விரல் அசைவுக்கு நகர்வதாகப் பார்த்தது அன்றுதான். விசையை விட்டதும் அது சிவந்து, மங்கி, மறுபடி இரும்பானது. முகமூடியைத் தூக்கினேன். என்ன முகத்தோடு இருந்தேனோ, "சார் வேட்டியில நெருப்பு" என்றார் அவர். உண்மையாகவே இருந்தது. மறுநாள் முதல் பேன்ட்.

மெல்லிய தகட்டில் கோடு இழுக்கக் கூடாது என்பதே அந்தப் பத்து நாளில் நான் கற்ற சாரம். சூட்டில் தகடு நெளிந்துவிடும். ஒரு பொட்டு வைத்ததும் கையை எடுத்து, ஆறவிட்டு, தள்ளிப்போய் மறு கோடியில் இன்னொரு பொட்டு. எல்லாரும் பொறுமையில்லாமல் திண்டாடியபோது எனக்கு அது தண்ணீர்பட்ட பாடாக வந்தது. 'ஒன்று' என்று மனதுக்குள் சொல்லி அழுத்தினேன், ஐந்து வரை எண்ணிக் காத்திருந்தேன். எண்ணச் சொன்னால் எனக்கென்ன கஷ்டம்? எட்டாம் நாள் அவர் என் தகட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, "ஒரு பொத்தல் இல்ல. சார் கையில என்னமோ இருக்கு" என்றார். வீட்டுக்கு நடந்தே போனேன், ஆட்டோ பிடிக்க மறந்துவிட்டேன்.

வாடகைக்கு மெஷின் எடுத்தேன். கொட்டகையில் முதல் பொட்டே பஞ்சு மாதிரி வந்தது, கச்சான் காற்று என் வாயுவை அடித்துக்கொண்டு போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரர்தான் வழி சொன்னார். புன்னைக்காயலில் முப்பது வருடம் மீன்பிடி வள்ளம் வைத்திருந்து, விற்றுவிட்டு மகள் வீட்டோடு வந்து தங்கியவர். என்னைவிட நான்கு வயது இளையவர். "காத்துகூட மல்லுக்கட்டாதிய அண்ணாச்சி, மறைச்சிக் கெட்டுங்க" என்று சொல்லி ஆறு தகரத்தைக் கொண்டுவந்து கட்டினார். அன்று முதல் தினமும் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இடது பக்கம் பிசகில்லாமல் முடிந்தது. கிரைண்டர் போட்டுத் தேய்த்ததும் புதுசு எது பழசு எது என்று விரலுக்குத் தெரியவில்லை. அன்று இரவு சாப்பாட்டின் நடுவே நான் இரண்டு முறை எழுந்துபோய் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆகஸ்ட் 19, சனிக்கிழமை, வலது பக்கத்துத் துருத் தகட்டை அறுத்தெடுத்து, புதுத் தகட்டைப் பொருத்தி இடுக்கி மாட்டிவைத்தேன். ஞாயிறு ஆராதனைக்கு நானும் மனைவியும் பஸ்ஸில் நாசரேத் போனோம். ஆய்வு வெள்ளிக்கிழமை என்று தேதி வாங்கியாயிற்று.

திங்கள் காலை விசையை அழுத்தினேன். அயிலை பொரியவில்லை, ஓலைப்பட்டாசு வெடித்தது. தகடெங்கும் கரும்புகை. முகமூடியைத் தூக்கிப் பார்த்தால், பற்றவைத்த இடம் ஆப்பத்தின் நடுப்பகுதி போலத் துளைதுளையாக இருந்தது. வாயு தீர்ந்ததா என்று பார்த்தேன், இருந்தது. தகரங்கள் ஆடவில்லை. அடுத்ததும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. பதினேழு பொட்டு வைத்தேன், பதினேழும் பொத்தல். கடைசியில் என் கையை நீட்டி அதன் மேல் ஒரு காகிதத்தை வைத்துப் பார்த்தேன். காகிதம் நடுங்கியது. இந்த வயதில் எதற்கு என்று மகன் கேட்டது சரிதானோ என்று நினைத்தேன்.

அப்போது சமையலறை ஜன்னலிலிருந்து மனைவி கேட்டாள். "காருக்குள்ள சாளை மீனா பொரிக்கிய?"

திரும்பிப் பார்த்தேன். கொட்டகை வாசலில் ஐந்து பூனைகள் உட்கார்ந்திருந்தன. மறு நிமிடம் பெட்டித் தகட்டின் பின்வாயிலிருந்து மஞ்சள் நாக்கு போல நெருப்பு வெளியே வந்தது. நனைத்த சாக்கைத் திணித்து அணைத்தேன். பூனைகள் நகரவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் ஸ்டூலிலிருந்து எழுந்தார். அவர் முகத்தில் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது.

"என்னவே செஞ்சீரு?" என்றேன்.

"நேத்து பூசைக்குப் போயிட்டு வந்து உள்பக்கம் பூராவும் சாளை எண்ணெய் அடிச்சு விட்டேன் அண்ணாச்சி. வெளிய ஒழுகினத தொடச்சிட்டேன். மூடிட்டா பெறவு கை போகாதுல்லா? முப்பது வருசம் என் வள்ளத்துக்கு அடிச்சிருக்கேன், ஒரு பலகை உளுத்தது கெடையாது."

"வள்ளத்த யாருவே நெருப்பு வச்சு ஒட்டுதா?"

அவர் யோசித்தார். "அது ஒண்ணுதான் வித்தியாசம்" என்றார்.

என் மனைவி ஜன்னலை மூடிக்கொண்டு சிரித்தது வெளியே கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் உள்ளே ஏதோ ஒன்று துள்ளியது, என் கை கெட்டுப்போகவில்லை! பயிற்சி நிலையத்தில் சொல்லிக்கொடுத்தவருக்குப் போன் போட்டேன். "எண்ணெய் குடிச்ச எடத்துல வெல்டு நிக்காது சார். பத்தவச்சத மொத்தமா அறுத்துட்டு, கழுவி, வெள்ளி மாதிரி தேச்சிட்டுத் திரும்ப வைங்க. முடியும்" என்றார் அவர்.

திங்கள் மாலை அறுத்தோம். செவ்வாய் முழுக்கக் கழுவினோம். முதலில் மண்ணெண்ணெய், பிறகு சலவைச் சோடா கரைத்த வெந்நீர், பிறகு வெயில். பக்கத்து வீட்டுக்காரர் ஸ்டூலை ஓரமாகத் தள்ளிவிட்டு, முழங்கை வரை எண்ணெயோடு தேய்த்தார். அறுத்ததில் விளிம்பு போய், புதுத் தகட்டுக்கும் வண்டிக்கும் நடுவே சுண்டுவிரல் நுழையும் இடைவெளி. வேறு தகடும் இல்லை. இடது பக்கத்தில் வெட்டி மிஞ்சியிருந்த துண்டிலிருந்து ஒரு ரிப்பன் போல நறுக்கி, இடைவெளியில் வைத்து, மேலும் கீழும் பொட்டு வைக்க ஆரம்பித்தேன்.

அந்தப் புதனையும் வியாழனையும் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஒன்று, அழுத்து. ஐந்து வரை காத்திரு. மறு கோடிக்குப் போ. பொட்டுக்கும் பொட்டுக்கும் நடுவே இன்னொரு பொட்டு, அதற்கும் நடுவே இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் அந்தச் சொட்டு விரிந்து, இரண்டு விளிம்பையும் தொட்டு, ஒன்றாகி, உறைந்தது. சாப்பிட வரச்சொல்லி மனைவி மூன்று முறை கூப்பிட்டு, நான்காவது முறை தட்டையே கொட்டகைக்குக் கொண்டுவந்தாள். கொண்டுவந்தவள் போகவில்லை. "நானும் பாக்கட்டா?" என்று கேட்டாள். முகமூடியை அவளுக்கு மாட்டிவிட்டு, நான் கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒரு பொட்டு வைத்தேன். அது கொஞ்சம் கோணல்தான். "யம்மா" என்று மட்டும் சொன்னாள். வியாழன் மாலை நான்கு மணிக்கு எல்லாப் பொட்டும் ஒன்றையொன்று தொட்டன.

அன்றே தேய்த்துப் பூசிய பெயிண்ட் காய்ந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "இப்ப அடிக்கலாமா அண்ணாச்சி?" பயிற்சி நிலையத்தில் கேட்டேன். ஆறின பிறகு தாராளமாக அடிக்கலாம், நல்லது என்றார்கள். தண்ணீர் வடிய விட்டிருந்த துளைகள் வழியாக அவர் ஒரு லிட்டரை உள்ளே விட்டார்.

வெள்ளிக்கிழமை ஆய்வாளர் வண்டியைச் சுற்றி வந்தவர், வலது பக்கம் வந்ததும் நின்று மூக்கைச் சுளித்தார். "சொந்த உபயோக வண்டின்னு இருக்கு. மீன் ஏத்துறீங்களா?"

நான் வாயெடுப்பதற்குள் பின்சீட்டிலிருந்து மனைவி கண்ணாடியை இறக்கினாள். "மீன் இல்ல சார், மீன் எண்ணெய். துருப் பிடிக்காதாம். அஞ்சு நாளா எங்க வீட்டுச் சோத்துலயும் அந்த வாடதான்" என்றாள்.

அவர் குனிந்து இடது பக்கம் சுத்தியலால் தட்டினார். வலது பக்கம் தட்டினார். நான் எண்ணினேன், ஒன்பது தட்டு. ஒவ்வொன்றுக்கும் கெட்டியான சத்தம். பிறகு பூட்ஸ் காலை வைத்து ஏறி நின்று பார்த்தார். "யார் வேலை?"

"நான்தான் சார்."

"நீங்களா?" விரலால் தடவினார். "இந்த ஒரு இடம் கோணலா இருக்கே."

"அது நான் பாக்கதுக்காக வச்சது" என்றாள் மனைவி.

அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். இன்னும் ஐந்து வருடம். வெளியே வந்து கியரைப் போட்டேன். புறவழிச் சாலையில் அறுபதைத் தொட்டேன். மனைவி சேலைத் தலைப்பைக் காற்றுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

மாலை மகன் போன் செய்தான். "பாஸ் ஆயிட்டாமே. எவ்வளவுப்பா ஆச்சு?"

தகடு, லாரிக் கூலி, வகுப்பு, மெஷின் வாடகை, வாயு, கம்பி, முகமூடி, பெயிண்ட், அரசாங்கக் கட்டணம், கருகிய வேட்டி ஒன்று, எல்லாவற்றையும் இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னேன்: நாற்பத்திரண்டாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு ரூபாய்.