பல்லவ வீரனுக்குப் பட்டு வேட்டி

பல்லவ வீரர்களை விரல் உயரத்தில் செய்து வண்ணம் தீட்டுவது என் பைத்தியம். கோயில் சுவர்ச் சிற்பங்களைப் பார்த்துத்தான் செய்வேன். வெற்று மார்பு, இடுப்பில் ஒரு துண்டுத் துணி, அவ்வளவுதான்.

பிள்ளையார்பாளையத்தில் பட்டுத் தறி வைத்திருக்கும் பார்வதி அக்கா, கொலுவில் வைக்க ஒரு படை கேட்டார். போன வாரம் கொடுத்தேன். பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"இன்னாமா, கோவணத்தோட நிக்கிறானுங்க? காஞ்சிபுரத்து ராஜா படை, பட்டு கட்டிக்கினு போயிருக்காதா?"

"இந்த ஊர்ல பட்டு நெய்ய ஆரம்பிச்சதே ரொம்பப் பின்னாடிதான்கா. உள்ளது உள்ளபடி இருக்கணும் இல்ல?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுமா. எங்க வூட்டு கொலுவுல பட்டு வேணும்."

தோற்றுப்போய், ஒவ்வொருவனுக்கும் அரக்குக் கலரில் வேட்டி வரைந்து ஜரிகை பார்டரும் போட்டேன்.

இன்று கொண்டுபோனேன். அக்காவுக்கு ஒரே சந்தோஷம். தறியிலிருந்து எழுந்து வந்த அவர் வீட்டுக்காரர், ஒரு வீரனைத் தூக்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"இது பொடவை பார்டர்மா. ஆம்பள வேட்டில இவ்ளோ அகலமா வருமா? பாக்கறவங்க சிரிப்பாங்க. உள்ளது உள்ளபடி இருக்கணும்மா."

அக்கா என்னைப் பார்த்தார். நான் படையைப் பார்த்தேன்.

மொத்தப் படையும் இப்போது மறுபடி என் மேசையில் நிற்கிறது. பல்லவர் காலத்தில் யாரும் கட்டாத பட்டு வேட்டிக்குச் சரியான பார்டர் எவ்வளவு அகலம் என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். நாளை மறுநாள் கொலு.