வட்டகொடையில் பாதிச் சோறு

1959, தை மாதம். காலை ஏழரைக்கு நாவலப்பிட்டியில் பெரியப்பாவும் நானும் ரயிலேறினோம். அண்ணன் சண்முகத்துக்கு வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பெண் பார்த்துவிட்டு வந்த எங்கள் வீட்டுப் பெண்களுக்குப் பரம திருப்தி. பெண்ணின் தகப்பனார், கொழுந்து பறிப்பவர்களை மேற்பார்க்கும் மாரிமுத்துக் கங்காணியிடம் வாக்குக் கொடுப்பதுதான் பாக்கி. குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவன் நான் ஒருவன்தான். எங்கே பேச்சென்றாலும் என்னைக் கூட்டிப்போவார்கள்.

ஹட்டனில் பத்துச் சதத்துக்குத் தேநீர் குடித்தோம். அங்கே ஏறி எதிரில் உட்கார்ந்தவர் கங்காணியின் தோட்டத்திலேயே வேலை செய்பவர். கங்காணியைப் பற்றிப் பெரியப்பா அவரிடம் விசாரித்தார். சிங்கமலைச் சுரங்க இருட்டில் பதில் சொன்ன அவர் குரல் மட்டும் கேட்டது.

"நல்ல மனுஷன்தாங்க. ஆளுதான் பாதியாயிட்டாரு. கோட்டு மட்டும் தனியா நடந்து வர்ற மாதிரி இருக்கும்."

வெளிச்சம் வந்தபோது பெரியப்பாவின் முகம் மாறியிருந்தது. ஆள் மெலிந்தால் மலையில் முதலில் நினைப்பது சயரோகத்தை. அந்த வீட்டில் யாரும் பெண் எடுக்கமாட்டார்கள். தலவாக்கலைக்கு முன்னால் நீர்வீழ்ச்சியைக் காட்டினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

பத்தரைக்கு வட்டகொடை. தொளதொளத்த கறுப்புக் கோட்டோடு கங்காணி காத்திருந்தார். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு இரண்டு மைல், முழுக்க ஏற்றம். எங்கள் வாழைக்குலையை அவரே தோளில் போட்டுக்கொண்டு, கொழுந்து விலையிலிருந்து துரையின் நாய்வரை பேசியபடி ஏறினார். நல்ல பாரியான ஆளான பெரியப்பா மூன்று இடத்தில் கல்லில் உட்கார்ந்தார்.

மதியம் கோழிக்குழம்பு. எங்கள் தட்டில் குவிந்த சோற்றுக்கு அளவில்லை. கங்காணி ஓர் அகப்பைச் சோறும் நிறையக் கீரையும் போட்டுக்கொண்டு, போதுமென்று தட்டின் மேல் கையை விரித்து மறித்துவிட்டார். "விருந்தாளுங்க முன்னாடியாவது சாப்பிடுங்களேன்," என்று அவர் மனைவி முணுமுணுத்தார்.

கை கழுவும்போது பெரியப்பா என் காதோடு, "வாக்கு வேணாம். ஊருக்குப் போய்ச் சொல்றோம்னு நீயே பக்குவமா சொல்லிரு," என்றார். சொன்னேன். தேநீர் கொண்டுவந்த பெண் வாசலிலேயே நின்று, அப்படியே உள்ளே திரும்பிவிட்டாள்.

மூன்று மணிக்கு இறங்கினோம். கங்காணியும் கூட வந்தார். பாதி வழியில் பனிமூட்டத்தோடு தூறல். மெல்லிய சட்டையில் பெரியப்பா நடுங்கினார். கங்காணி கோட்டைக் கழற்றி நீட்டினார். பெரியப்பா கை நீட்டவில்லை. நீட்டிய கோட்டோடு நின்றபடியே கங்காணி கேட்டார்.

"சயரோகம்னு நெனைக்கிறீங்களாண்ணே? இல்ல, சீனி வியாதி. முந்தி இந்த மேட்டுல பாதியிலேயே உக்காந்திருவேன். தாகம் அடங்காது. ராத்திரி பூரா எந்திரிச்சு எந்திரிச்சு வெளிய போவேன். பாதிச் சோறுதான்னுட்டாரு டாக்டர் ஐயா. பசியில நான் சண்டை போடாத ஆளில்ல, துரையைத் தவிர. இப்ப முட்டி வலியில்ல, படுத்தா விடிஞ்சுதான் முழிப்பு. வெளிய சொன்னா பிள்ளைக்குக் கெடுதல்னு வீட்டுல என் வாயை அடைச்சிட்டாங்க."

பெரியப்பா நனைந்தபடியே நின்றார். பிறகு, "எனக்கும் ராத்திரி மூணு நாலு தரம்..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டார். அளவெடுத்துத் தைத்தது போலிருந்தது. பித்தான்கள் சரியாகப் பூட்டிக்கொண்டன. தன் வயிற்றையே குனிந்து பார்த்தார்.

"நீங்க இம்புட்டா இருந்தீங்க?"

"கொஞ்சம் கூடவேண்ணே."

பக்கத்து மலையில் கொழுந்து நிறுத்துவிட்டுப் பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். காலையில் ஒரு ரொட்டித் துண்டோடு அந்த மலையில் ஏறியவர்கள். பாதிச் சோறு நல்லதென்று அவர்களிடம் யாரும் சொல்லக்கூடாது. இருக்கிற சோற்றில் கங்காணி பாதியை ஒதுக்கினார். அவர்களுக்கு அந்த மீதிப் பாதி கிடைக்கவேண்டும். எங்கள் வீட்டிலோ மூன்றாம் தரம் சோறு வாங்காவிட்டால் அம்மாவுக்கு அன்று தூக்கம் வராது.

நாலரைக்கு ரயில் வந்தது. பெரியப்பா கோட்டோடு ஏறி உட்கார்ந்துவிட்டார். நான் ஞாபகப்படுத்தினேன். அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, ஈரச் சட்டையோடு நின்றவரைப் பார்த்துச் சொன்னார்:

"கோட்டைக் கல்யாணத்தன்னிக்கு வாங்கிக்கங்க, சம்பந்தி."

ஹட்டனில் வடைக்கூடை வந்தது. வழக்கமாக நாலு வாங்குபவர் ஒன்று வாங்கி, அதிலும் பாதியைப் பிய்த்து என்னிடம் கொடுத்தார்.