தோடம்பழத்தின் முதல் துண்டு

லண்டன் கடைகளில் ஆரஞ்சு என்று விற்கும் தோடம்பழம் ஒன்றை இன்று காலை நான்காக வெட்டினேன். தோடம்பழம் வெட்டும்போதெல்லாம் எனக்கு மாஸ்டரின் நினைவு வரும். ஆட்ட இடைவேளையில் அவர் நீட்டும் பழைய பிஸ்கட் டின் மூடியும், அதில் அடுக்கிய பழத்துண்டுகளும் கண்ணுக்குள் நிற்கின்றன. முதல் துண்டு யாருக்கு என்பதில் அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. முதற்பாதியில் பெரிய பிழை விட்டவருக்கே அது. ஏச மாட்டார். மூடியைக் கொண்டுபோய் அவர் முன்னால் நீட்டுவார், அவ்வளவுதான். துண்டை எடுத்துத் தின்றுவிட்டால் விஷயம் முடிந்தது. அந்தப் பிழையைப் பற்றிப் பிறகு யாரும் வாய் திறக்கக் கூடாது.

யாழ்ப்பாணத்தில் எங்கள் கல்லூரிக்கு எட்டு வருடம் உதைபந்தாட்டம் பழக்கியவர் அவர். பிறகு பக்கத்துக் கல்லூரி கூடைப்பந்தாட்ட அணி தொடங்கித் தரச் சொல்லிக் கேட்க, அங்கே போய்விட்டார். எங்களுக்கும் அந்தக் கல்லூரிக்கும் ஏழாம் பொருத்தம். வீடுவாசல் விட்டு லண்டன் வந்து சேர்ந்த பிறகும் எங்கள் ஆட்கள் அதை மட்டும் மறக்கவில்லை. எண்பதுகளின் கடைசியில் பழைய மாணவர் சங்கம் அணி சேர்த்தபோது நான்தான் அணித்தலைவன். அவரும் லண்டன் வந்து பெட்ரோல் நிலையத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். மாஸ்டரைப் பயிற்சிக்குக் கூப்பிடுவோம் என்றேன். "கட்சி மாறின மனுசனை எப்பிடி நம்புறது?" என்றார் செயலாளர். வேறு ஆள் கிடைக்காததால்தான் சம்மதித்தார்கள்.

ஞாயிறு காலைகளில் கோலியர்ஸ் வுட் பூங்காவில் பயிற்சி. மாஸ்டர் கூடைப்பந்தாட்டத்தை உதைபந்தாட்டத்துக்குள் கொண்டுவந்தார். தடுப்பவர்கள் முழங்காலை மடித்து, கைகளை விரித்து, எதிராளியின் இடுப்பைப் பார்த்தபடி பக்கவாட்டில் நகர வேண்டும். தொப்பை வைத்த எட்டுப் பேர் நண்டுகள்போல் நகர்வதை, நாயோடு நடக்க வந்த வெள்ளைக்காரர்கள் நின்று பார்த்தார்கள். சிரிப்புக்கிடமாக இருந்தாலும் பலன் இருந்தது. அந்த வருடம் எங்களைத் தாண்டிப் போவது எவருக்கும் லேசாக இருக்கவில்லை. ஒன்றை மட்டும் எனக்குத் தனியாக இரண்டு தரம் சொன்னார்: "தம்பி, கோலுக்குக் கிட்ட வந்தா கையைப் பின்னுக்குக் கட்டும். பந்து பட்டா பெனால்டி."

கோடைகால விளையாட்டு விழாவின் இறுதி ஆட்டத்தில் எங்களோடு மோதியது அதே பக்கத்துக் கல்லூரியின் பழைய மாணவர் அணி. முதற்பாதி முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது, கோலுக்கு முன்னால் கைகளை விரித்துக்கொண்டு நின்றேன். பந்து கையில் பட்டது. பெனால்டி, கோல். இடைவேளையில் முதல் துண்டை வாங்கத் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். மாஸ்டர் எல்லோரும் பார்க்க அதைத் தானே எடுத்துத் தின்றார். "கையை விரிக்கச் சொன்னது நான்தானே" என்றார். அந்த ஒரு கோலால் தோற்றோம்.

அடுத்த கிழமை சங்கக் கூட்டம். "வேணுமெண்டுதான் அப்பிடிப் பழக்கினவர். போன இடத்து விசுவாசத்தைக் காட்டிப்போட்டார்" என்றார் செயலாளர். கையைக் கட்டச் சொல்லி மாஸ்டர் எனக்கு இரண்டு தரம் சொன்னார், நான்தான் மறந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அணித்தலைவர் பதவி போய்விடும் என்று பயந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாஸ்டரை நீக்கினார்கள். பதவி என்னிடமே இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் கிழக்கு லண்டனில், பிளேஸ்டோவில் அவரை மறுபடி கண்டேன். தமிழ்ப் பெண்பிள்ளைகளுக்கு வலைப்பந்து பழக்கிக்கொண்டிருந்தார். இடைவேளையில் அதே மூடி. நான் போய்க் கையை நீட்டினேன்.

"மாஸ்டர், அண்டைக்குப் பிழை என்ர. கூட்டத்திலயும் நான் வாய் திறக்கேல்லை."

அவர் மூடியை விலக்கிக்கொண்டார். "அந்தத் துண்டை நான் அப்பவே திண்டிட்டன். நீர் சொல்ல வேண்டியது எனக்கில்லை, சங்கத்து ஆக்களுக்கு." பிறகு மூடியோடு ஒரு பிள்ளையின் முன்னால் போய் நின்றார்.

நான் சொல்லவில்லை. மாஸ்டரும் போய்ச் சேர்ந்துவிட்டார். போன மாதம் நோர்பரியிலிருந்து அதே செயலாளர் போன் எடுத்து, சங்கத்தின் ஆண்டு மலருக்கு மாஸ்டரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார். "பழசையெல்லாம் விட்டுப்போட்டு நல்லதா எழுதும்" என்றார்.

பழசையும் விடாமல் எழுதிவிட்டேன்; அந்த இரண்டு பக்கம் இதுதான். வெட்டிய பழம் பக்கத்தில் இருக்கிறது. இதைத் தபாலில் போட்டுவிட்டு வந்து, முதல் துண்டை எடுக்கப் போகிறேன்.