மேஜைக்கு அடியில்

தண்ணீர் முதலில் கழிவறை வழியாகத்தான் வந்தது. விடிந்து கொஞ்ச நேரமே ஆகியிருந்தது. காப்பிக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்த கோலப்பனுக்குப் பாதத்தில் குளிர்ச்சி தட்டியது. குனிந்து பார்த்தார். கறுத்த நீர் ஒரு தீப்பெட்டி அட்டையைச் சுமந்துகொண்டு, அவசரம் எதுவும் இல்லாமல் அடுக்களைக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

பத்மநாபசாமி கோயிலுக்குப் பக்கத்தில், சாலைக் கடைத்தெருவின் பின்பக்கம், வாய்க்காலை ஒட்டிய சந்தில் அவருடைய வாடகை வீடு. மழைக்காலத்தில் சந்து நிறைவது புதிதல்ல. வீட்டுக்குள் ஏறுவது இதுதான் முதல் தடவை. அதுவும் மே மாதம் முடியுமுன்னே, மழைக்காலம் முறைப்படி பிறக்கக்கூட இல்லாதபோது.

மனைவி நாச்சியார் வீட்டில் இல்லை. பொன்முடியில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்த அவளுடைய அக்காள் புருஷன் இறந்துவிட்டார் என்று முந்தின நாள் பகலில் கிளம்பிப் போயிருந்தாள். கை நிறைய வேலையை வைத்துக்கொண்டு போகவா வேண்டாமா என்று வாசல்வரை யோசித்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"இங்கேருங்க, மழை கனத்தா என் மிஷினக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க. உங்க மிஷினுகள மறக்க மாட்டிய, தெரியும். நான் சொல்லுதது என் மிஷின."

"நான் என்ன சின்னப் பிள்ளையா? போயிட்டு வாட்டி."

"சின்னப் பிள்ளைன்னா பயமில்லியே. சொன்னாக் கேக்குமே."

அவள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. பள்ளிச் சீருடை விற்கும் ரெஷ்மாவின் கடைக்குப் பல வருடமாகக் காலர் வைத்தும் காஜா எடுத்தும் கொடுத்துக்கொண்டிருந்தவள் அவள். இந்த வருடம்தான் முதன்முதலாக ஒரு பெண்கள் பள்ளியின் பாவாடை மொத்தத்தையும் ரெஷ்மா அவளிடம் ஒப்படைத்திருந்தாள். "சேச்சி, ஸ்கூல் தொறக்கும்முன்னே இத முடிச்சுத் தந்தா, புதிய தையல் யூனிட்டு சேச்சிதான் பாத்துக்கணும், கேட்டோ" என்றும் சொல்லியிருந்தாள். நாச்சியார் இதை அக்கம்பக்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. புதிதாக ஒரு மூக்குக்கண்ணாடி மட்டும் வாங்கிக்கொண்டாள். வீட்டில் யாராவது பேச்சுக் கொடுத்தால், வருங்கால மேற்பார்வையாளர்போல அதற்கு மேலாக ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

கோலப்பன் நாகர்கோவில் பக்கத்திலிருந்து மீசை அரும்பும் வயதில் வந்து, சாலையில் ஓர் இரும்புச் சாமான் கடையில் நின்றவர். இன்றும் அதே கடைதான், ஆணியும் தாழ்ப்பாளும் எடுத்துக் கொடுக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் ஆள் வேறு. பழைய இரும்பு எடுக்கும் ஆக்ரிக் கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்குவார். நசுங்கிய அண்டாக்களுக்கும் பிய்ந்த சைக்கிள்களுக்கும் நடுவே, தராசில் ஏறக் காத்துக் கிடக்கும் பழைய தையல் மெஷின்களைப் பொறுக்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வருவார். கையால் சுற்றுகிறவை, காலால் மிதிக்கிறவை, கடல் தாண்டி வந்தவை, வந்த ஊர் தெரியாதவை. பிரித்துப்போட்டு மண்ணெண்ணெய்யில் ஊறவைத்து, பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, திரும்பப் பூட்டுவார். கறுப்பு உடம்பின் மேல் இருக்கும் தங்கப் பூக்களில் மண்ணெண்ணெய்யோ ஸ்பிரிட்டோ படவிட மாட்டார், அவை வெளுத்துவிடும். தையல் எண்ணெய்யைப் பஞ்சில் தொட்டு, குழந்தைக்குக் கண் துடைக்கிறமாதிரி துடைப்பார்.

ஏன் இதெல்லாம் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. எத்தனையோ வருடமாக இறுகிக் கிடந்த சக்கரம், எண்ணெய் குடித்துக் குடித்து ஒருநாள் கைக்கு இணங்கி அரைச் சுற்று நகரும். அந்த அரைச் சுற்றைப் பார்க்கத்தான் அவர் இருந்தார் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இப்படிச் சேர்ந்தவை முன்னறையை நிறைத்து, படுக்கை அறையில் ஏறி, கட்டிலின் கால்மாட்டுக்கு வந்திருந்தன. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் மஹேஷ் ஊருக்கு வந்தால் சிநேகிதன் வீட்டில்தான் படுத்துக்கொள்வான். "அண்ணாச்சி வீட்டுல மிஷினுக்குக் கட்டிலு, மனுசனுக்குத் தரை" என்று சந்துக்காரர்கள் சொல்வார்கள். நாச்சியார் சொல்வது இன்னும் காரமாக இருக்கும். "தைக்காத மிஷினெல்லாம் காத்தோட்டமா இருக்கு. சோறு போடுத மிஷினு கக்கூஸுக்குக் காவல்." அது உண்மைதான். அவளுடைய கரண்ட் மெஷினுக்கு வீட்டில் கிடைத்த இடம் கழிவறைக் கதவையொட்டிய மூலை.

கோலப்பன் அடுப்பை அணைத்துவிட்டுத் தூக்க ஆரம்பித்தார்.

கை மெஷின்களைத் தூக்குவது எளிது. மரப்பெட்டியோடு அலமாரியின் உச்சிக்கும் ஃபிரிட்ஜின் மேலும் ஏறிவிட்டன. கால் மெஷின்களுக்குத்தான் பாடு. மெஷினின் தலையைச் சாய்த்து, கீல் திருகு இரண்டையும் தளர்த்தி, தலையை மட்டும் பிள்ளையைப்போல இடுப்போடு அணைத்துக் கொண்டுபோய்க் கட்டிலில் கிடத்த வேண்டும். இரும்புக் கால் தண்ணீரில் நின்றால் துருதான் பிடிக்கும், துடைத்துக்கொள்ளலாம். போகிறபோதும் வருகிறபோதும் நாச்சியாரின் மூலையை அவர் பார்க்காமல் இல்லை. மேஜை இடுப்பு உயரம். அதன் மேல் வெள்ளைத் தலை பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தது. கடந்து போனார்.

அப்போதுதான் அவள் ஃபோனில் கூப்பிட்டாள்.

"வெள்ளம் வீட்டுல ஏறிட்டா? இங்க டிவியில நம்ம பக்கமெல்லாம் காட்டுதான்."

"கொஞ்சம்போல. கணுக்கால் அளவு."

"என் மிஷினு?"

"மேஜ மேல ராணி கணக்கா இருக்கு. அதுவரைக்கும் வெள்ளம் வந்தா கோயில்ல பத்மநாபசாமியே எந்திரிச்சிருவாரு."

அவள் சிரிக்கவில்லை. "வெட்டுன துணியெல்லாம் மேஜைக்கு அடியில சாக்குலதான் கெடக்கு. மொதல்ல அத எடுங்க. பொறவு..."

அதோடு சத்தம் நின்றுவிட்டது. மலையில் சிக்னல் அப்படித்தான். பிறகு என்று அவள் எதைச் சொல்ல வந்தாள் என்பதை அவர் அப்புறம் எவ்வளவோ தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

சாக்கை எடுக்கத்தான் திரும்பினார். வழியில் ஜெர்மன் மெஷின் நின்றது. அவரிடம் இருந்ததிலேயே அழகானது அதுதான். ஒரு திருகு முன்பே கழன்றுவிட்டது, மற்றது அசையாமல் இருந்தது. இதையும் முடித்துவிட்டுப் போய்விடலாம் என்று திருப்புளியை வைத்தார். வழுக்கியது. இன்னும் அழுத்தினால் திருகின் வாய் பிய்ந்துவிடும். அந்தத் திருகுக்கு மாற்று இந்த ஊரில் கிடையாது. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, அது உள்ளே இறங்கட்டும் என்று நின்றார். ஓர் இரும்பையும் அவர் வாழ்நாளில் அவசரப்படுத்தியதில்லை. திருப்புளியின் பிடியால் மெல்லத் தட்டிக் கொடுத்தார். மறுபடி எண்ணெய். மறுபடி நின்றார். தண்ணீர் வேட்டியின் கரையைத் தொட்டு, அதை மெதுவாக விரித்து மிதக்கவிட்டது. அவர் திருகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் அது வெண்ணெய்போலக் கழன்றது. அந்தக் கணத்தில் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பியபோது, நீலக் கட்டம்போட்ட துணித் துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக அவரை நோக்கி மிதந்து வந்தன. சாக்கின் வாய் அவிழ்ந்திருந்தது. மேஜையின் அடியில் பார்த்தார். அங்கே தாழத் தொங்கிக்கொண்டிருந்த சாம்பல் நிற மோட்டாரைக் காணவில்லை. மோட்டாருக்கு மேலே நாலு விரல் தண்ணீர் நின்றது.

அவர் கண்ணுக்கு மெஷின் என்றால் தலை. கையால் சுற்றுகிறதற்கும் காலால் மிதிக்கிறதற்கும் மேஜைக்கு அடியில் உயிர் கிடையாது. நாச்சியாருடையதற்கு உயிர் முழுக்க அங்கேதான் இருந்தது. கோலப்பனுக்கு அது தெரியாதா? நன்றாகத் தெரியும். மோட்டாரை வாங்கி வந்து பூட்டிக் கொடுத்ததே அவர்தான்.

மத்தியானத்துக்குள் தண்ணீர் வந்த வழியே போய்விட்டது. கொண்டை ஊசி வளைவில் மண் சரிந்து பஸ் ஓடாததால் நாச்சியார் வந்துசேர மறுநாளாயிற்று. வாசலில் நின்று வீட்டை ஒரு தடவை பார்த்தாள். கட்டிலில் இரும்புத் தலைகள் வரிசையாகப் படுத்திருந்தன, ஃபிரிட்ஜின் மேல் ஒன்று உட்கார்ந்திருந்தது. எதிலும் ஒரு சொட்டு ஈரமில்லை. அவள் நேரே தன் மூலைக்குப் போய் மோட்டாரைத் தொட்டாள். கொடியில் கிடந்த பாவாடைத் துண்டை மூக்கருகே கொண்டுபோனாள். சாக்கடை வாடை. மூன்று தடவை அலசியும் போகவில்லை என்று கோலப்பன் சொல்ல வாயெடுத்தார்.

"உங்களுது எல்லாம் தப்பிச்சிட்டுல்லா?" என்றாள்.

அவர் தலையை மட்டும் அசைத்தார்.

"சரி. சாரமில்ல, விடுங்க."

மோட்டாரைப் பிரித்து வெயிலில் வைத்தார். உள்ளே இருந்த எலக்ட்ரானிக் போர்டு பச்சை பூத்திருந்தது. காய்ந்ததும் பூட்டி ஸ்விட்ச் போட்டார். கருகல் மணம் வந்தது, வேறொன்றும் வரவில்லை. உடனே ஓடிப்போய் ஜெர்மன் மெஷினை அதன் இரும்புக் காலில் ஏற்றி, வெளிச்சமான ஜன்னலோரம் நகர்த்தி, நூல் கோத்துக் கொடுத்தார். "இதுல தையி நாச்சியா. பஞ்சு மாதிரி ஓடும்." அவள் மறுக்காமல் உட்கார்ந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு மடிப்பைத் தைத்தாள்.

"நல்லாத் தைக்குது."

"பின்னே! தையலப் பாரு, எறும்பு ஊருத மாதிரி..."

"அண்ணைக்கு இதத்தான் தூக்கிக்கிட்டு நின்னியளா?"

"ஆமா."

"நல்ல கனம்தான்" என்று சொல்லி எழுந்துவிட்டாள். காலால் மிதித்து ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தைக்க முடியாது என்பதை அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

ரெஷ்மா வந்து பார்த்தாள். கெட்டவள் அல்ல. நனைந்த துணிக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. தைத்து முடித்துப் பரணில் வைத்திருந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு, பால் விடாத கட்டன்சாயாவையும் குடித்துவிட்டுத்தான் எழுந்தாள். "சேச்சி, நான் எந்து செய்யும்? குட்டிகளுக்கு யூனிஃபார்ம் வேண்டே? பாக்கி வேறொரு எடத்துல குடுத்தாச்சு. புதிய யூனிட்டும் இப்ப அவங்களுக்குத்தான். என்மேல கோவமும் தேஷ்யமும் வேண்டாம் கேட்டோ."

"உன்மேல எதுக்கு மோளே?" என்றாள் நாச்சியார். யார்மேல் என்று சொல்லவில்லை. கதவோரம் நின்ற கோலப்பன் அதற்காகக் காத்திருந்தார்.

ஜூனிலேயே அவள் கிழக்கேகோட்டையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேர்ந்துவிட்டாள். சேலைப் பிரிவு. காலை திறப்பதிலிருந்து ராத்திரி அடைப்பதுவரை நிற்க வேண்டும். உட்காருவதற்கு ஸ்டூல் போட்டிருந்தார்கள், சட்டம் அப்படி. அதில் யாரும் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. ஆயுள் முழுக்க உட்கார்ந்து தைத்தவளுக்கு இப்போது கால் வீங்கியது. வீட்டுக்கு வந்ததும் சுவரில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு தரையில் படுத்திருப்பாள்.

அவள் ஏசவில்லை. கோலப்பனைத் தின்றது அதுதான். முன்பெல்லாம் ஒரு ஸ்குரூவைத் தரையில் மறந்தால் தெருவுக்கே கேட்கும்.

ஒருநாள் தாங்காமல் கேட்டார். "ஏட்டி, என்னைய ரெண்டு ஏச்சு ஏசிரு. வாயில வந்தபடி ஏசு."

"எதுக்கு? சாப்பிடுங்க, சோறு ஆறுது."

அதற்கு மறுவாரம் ஹரிஷங்கரைக் கூட்டிவந்தார். காப்பிக்கடைகளுக்கு அலங்காரம் செய்து கொடுக்கிறவன். முன்பு ஒரு தடவை வந்து மெஷின்களை விலைக்குக் கேட்டபோது கோலப்பன் அவனை வாசலோடு அனுப்பியிருந்தார். இப்போது அவராகவே எல்லாவற்றையும் காட்டினார். அவன் தங்கப் பூக்களைப் பார்க்கக்கூட இல்லை. குனிந்து இரும்புக் கால்களைத்தான் தடவினான்.

"தல வேண்டா அண்ணாச்சி, காலு மாத்ரம் மதி. மேல ஒரு கிளாஸ் இட்டா அடிபொளி டேபிள்."

"தலைய என்ன செய்ய?"

"அது அண்ணாச்சிக்கே இருந்தோட்டே."

கால்கள் எல்லாம் போயின. கிடைத்ததை அப்படியே கொண்டுபோய்ப் புது மோட்டார் வாங்கி, அவளுடைய மேஜைக்கு அடியில், முன்பிருந்ததைவிட ஒரு சாண் உயரமாக, பட்டையும் மாற்றிப் பூட்டினார். அவள் வந்ததும் கையைப் பிடிக்காத குறையாக அழைத்துப்போனார். நாச்சியார் நின்றபடியே மிதியை அழுத்தினாள். ஊசி சரசரவென்று இறங்கி ஏறியது.

"ஓடுது" என்றாள். ஸ்விட்சை அணைத்தாள். பிளாஸ்டிக் உறையைப் போட்டு, நுனியை இழுத்துவிட்டாள். "யாருக்குத் தைக்க?"

"வேற கடை கேப்போம். ஊருல ரெஷ்மா ஒருத்திதானா?"

"கேப்போம்."

அவள் கேட்கவில்லை. அவர் கேட்டுவந்த இரண்டு கடைக்கும் போகவில்லை. ஓணம் கழிந்து பொன்முடியிலிருந்து அக்காள் மகள் கலைச்செல்வி வந்தாள். தகப்பன் இல்லாத வீட்டில் இனி ஏதாவது செய்தாக வேண்டும், விதுரையில் ஒரு பெண்கள் குழுவோடு சேர்ந்து தைக்கலாம் என்றிருக்கிறேன், மெஷின்தான் இல்லை என்றாள். நாச்சியார் உடனே, உப்பு இரவல் கொடுப்பதுபோல, "இத எடுத்துக்க" என்று மூலையைக் காட்டினாள்.

"சித்தி, உங்களுக்கு?"

"எனக்கு எதுக்கு? நான் சேலையில்லா விக்கேன்."

கோலப்பனே மேஜையைச் சுமந்து சந்துமுனைக்குக் கொண்டுபோய்ச் சரக்கு ஆட்டோவில் ஏற்றினார். கயிற்றை நாச்சியார் கட்டினாள். முடிச்சு இறுகுகிறதா என்று இழுத்துப் பார்த்து, கலைச்செல்வியிடம் எண்ணெய் விடும் துவாரங்களைச் சொல்லிக்கொடுத்து, ஆட்டோ திரும்பி மறைந்ததும் உள்ளே வந்து அந்த மூலையைப் பெருக்கினாள். நூல் துணுக்குகளும் ஒடிந்த ஊசி ஒன்றும் வந்தன. ஊசியைக் காகிதத்தில் பொதிந்து குப்பையில் போட்டாள்.

"இந்த எடம் இனி சும்மாதான கெடக்கும்" என்றாள். "கட்டில்ல கெடக்கதுல ரெண்ட இங்க எறக்கி வைங்க. நமக்கும் காலு நீட்டலாம்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். குத்தலைத் தேடினார், ஓர் ஓரத்திலாவது இருக்கும் என்று நம்பித் தேடினார். இல்லை. அவள் இடத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

"வாங்க, நானும் ஒரு கை பிடிக்கேன்."

கட்டிலருகே போய், கால் போன ஜெர்மன் மெஷினின் ஒரு பக்கத்தில் இரண்டு கைகளையும் கொடுத்துக் குனிந்து நின்றாள். மறுபக்கம் அவருக்கு. கோலப்பன் போய்ப் பிடித்தார்.

"தூக்குங்க" என்றாள்.

அவரால் தூக்க முடியவில்லை. அவள் குனிந்தபடியே காத்துக்கொண்டிருந்தாள்.