எட்டாம் லைன் அழுத மதியம்

அன்றைக்கு மதியம் ஹில்மாவின் டெலிபோன் பலகையில் ஒரே நொடியில் பத்தாயிரம் கதவுகள் விழுந்தன. அந்தச் சத்தத்தில் பக்கத்து மாவட்டத்துக் கோழிகளெல்லாம் ஒரு வாரம் முட்டையிடவில்லை. சரி, சரி. பத்தாயிரம் என்பது கொஞ்சம் அதிகம்தான். பலகையில் இருந்ததே தொண்ணூறு கதவுகள். எங்கள் நோர்டால் ஊரின் ஜனத்தொகை, பூனைகளையும் சேர்த்தால்கூட, முந்நூறைத் தாண்டாது. கோழிகள் விஷயத்தில் மட்டும் நான் பின்வாங்குவதாக இல்லை.

ஒவ்வொரு நவம்பரிலும் ஊரில் யாராவது அந்தக் கேள்வியைத் தொடங்கிவிடுவார்கள்: "கென்னடியைச் சுட்டப்ப நீங்க எங்க இருந்தீங்க?" முப்பது வருஷமாகிறது. பதில்கள் தேய்க்கத் தேய்க்கப் பளபளப்பாகிவிட்டன. என் கணவர் ஆர்லின் தானியக் கிடங்கில் வண்டியை எடை போட்டுக்கொண்டிருந்தார். முதல் வருஷம் சொன்னபோது அது வெறும் எடை. இப்போதெல்லாம் செய்தி வந்த நொடியில் தராசு முள் தானாக நின்றுவிட்டது என்கிறார். நான் அவருக்குக் கற்றுக்கொடுத்தேன் என்று பேசிக்கொள்கிறார்கள்.

ஹில்மா எங்ஸ்ட்ராண்டிடம் கேட்டால் ஒரே பதில்தான் வரும். "எட்டாம் லைன்ல இருந்தேன்." அதற்கு மேல் வாயைத் திறக்கமாட்டாள். ஊரின் நூற்றாண்டு மலருக்கு அவளைப் பற்றி எழுதும் வேலையை என் தலையில் கட்டினார்கள். அதனால் வாயைத் திறக்காதவளின் கதையை, வாயை மூடத் தெரியாத நான் சொல்லவேண்டியிருக்கிறது.

ஹில்மாவின் வீட்டு முன்னறைதான் எங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். புருஷன் நிமோனியாவில் போனபிறகு, இருபத்தேழு வயதில் அந்தப் பலகையின் முன்னால் உட்கார்ந்தாள். இருபத்தெட்டு வருஷம் எழுந்திருக்கவில்லை. பக்கத்திலேயே கட்டில், பக்கத்திலேயே அடுப்பு. யாராவது வீட்டில் டெலிபோன் பிடியைச் சுற்றினால் பலகையில் அந்த லைனுக்கான சின்னத் தகரக் கதவு 'டக்' என்று விழும். இவள் கம்பியைச் செருகி, "சொல்லுங்க" என்பாள். மணி என்ன என்று கேட்டால் சொல்வாள். டாக்டர் எந்தப் பண்ணையில் இருக்கிறார் என்பது டாக்டரின் மனைவிக்குத் தெரியாது, ஹில்மாவுக்குத் தெரியும். யாருக்குப் பிரசவ நாள், யார் வீட்டில் சண்டை, யாருடைய மகன் கலிபோர்னியாவிலிருந்து கூப்பிடுவதே இல்லை, அத்தனையும் அவள் காது வழியாகத்தான் போகும். ஆனால் ஒன்றுகூட வாய் வழியாக வெளியே வந்ததில்லை.

என் மாமனார் இதைச் சோதித்துப் பார்த்தார். "உன்கிட்ட மட்டும் சொல்றேன் ஹில்மா, என் மேய்ச்சல் நிலத்துல எண்ணெய் ஊறுது" என்று ஒருநாள் குரலைத் தாழ்த்திச் சொன்னார். நிலத்தின் மதிப்பு ஏறும், நாலு பேர் வந்து விசாரிப்பார்கள் என்பது கணக்கு. மூன்று வாரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாய்கூட வரவில்லை. கடைசியில் அவரே முடிவெட்டும் கடையில் போய்ச் சொல்லவேண்டியதாயிற்று. அவர் சொன்னதை யார் நம்புவார்கள்?

ஊருக்குள் இருக்கும் வீடுகளுக்குத் தனித்தனிக் கம்பி. பண்ணை வீடுகளுக்கு அப்படியில்லை. எட்டாம் லைன் பதினோரு மைல் நீளம், பதின்மூன்று வீட்டுக்கும் சேர்த்து ஒரே கம்பி. ஒரு வீட்டுக்கு மணி அடித்தால் பதின்மூன்று வீட்டிலும் அடிக்கும். இரண்டு நீள மணி, ஒரு குட்டை மணி என்றால் எங்கள் வீடு. மற்ற வீட்டு மணிக்கு ரிசீவரைத் தொடக்கூடாது என்பது சட்டம். எல்லோரும் எடுத்துக் கேட்பார்கள் என்பது நடைமுறை. யாரும் கேட்பதில்லை என்பது மரியாதை. கம்பியில் காதில் விழுந்ததை அடுத்த நாள் சர்ச்சில் புதுச்செய்தியாக இன்னொரு தடவை கேட்டு, "அப்படியா!" என்று ஆச்சரியப்படத் தெரியாதவர்கள் எட்டாம் லைனில் குடியிருக்க முடியாது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கம்பியில் வரும் குரல் ஒரு வாளித் தண்ணீர் மாதிரி. ஒவ்வொரு ரிசீவரும் ஒரு குவளை மொண்டுகொள்ளும். பத்துப் பேர் எடுத்தால் கடைசி ஆளுக்கு ஈரம்தான் மிஞ்சும்.

அந்த வெள்ளிக்கிழமை பன்னிரண்டே முக்கால் இருக்கும். ரேடியோவில் பன்றி விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாதியில் நிறுத்தி, டல்லாஸில் ஜனாதிபதியைச் சுட்டுவிட்டார்கள் என்றார்கள். அப்போதுதான் நான் சொன்ன அந்தக் கதவுகள் விழத் தொடங்கின. ஒன்று, இரண்டு, பிறகு ஆலங்கட்டி மழை மாதிரி. எல்லோருக்கும் யாரையாவது கூப்பிடவேண்டும் என்று தோன்றியிருக்கிறது. எதற்கென்று கேட்டால் தெரியாது. அந்தச் செய்தியைத் தனியாக வைத்துக்கொள்ள முடியவில்லை, அவ்வளவுதான். எட்டாம் லைனில் யாரும் யாரையும் கூப்பிடக்கூட இல்லை. எல்லா வீட்டிலும் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நின்றோம். சிலர் பேசினோம். முக்கால்வாசிப் பேர் அழுதோம். நார்வேயிலிருந்து வந்து குடியேறியவர்களின் வம்சம், கல் மாதிரி முகம் வைத்திருப்பவர்கள். மாட்டுத்தொழுவம் எரிந்தபோதுகூட "கொஞ்சம் சூடாத்தான் இருக்கு" என்று சொன்னவர்கள்.

அதே நேரத்தில் எட்டாம் லைனின் கடைக்கோடியில் ஆர்வின் டோலெஃப்சனின் கை இயந்திரத்துக்குள் போயிருந்தது. மக்காச்சோளக் கதிர் பறிக்கும் இயந்திரம். தட்டை அடைத்துக்கொண்டால் நிறுத்திவிட்டுத்தான் எடுக்கவேண்டும். யாரும் நிறுத்தமாட்டார்கள். பனி விழுவதற்குள் இன்னும் ஆறு ஏக்கர் பாக்கி. கையை அவரே எப்படியோ பிடுங்கிக்கொண்டு, கால் மைல் நடந்து, சமையலறைக்கு வந்து, மனைவி மார்டிஸிடம், "தரையெல்லாம் அழுக்காகும், ஏதாவது விரி" என்றாராம்.

மார்டிஸுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கல்யாணமாகி எட்டு மாதம். அவர்கள் வீட்டு ரேடியோ ரிப்பேருக்குப் போயிருந்தது. ஜனாதிபதியைச் சுட்டது அவளுக்குத் தெரியாது. ஓடிப்போய்ப் பிடியைச் சுற்றி, ரிசீவரை எடுத்தாள். காதில் விழுந்தது என்ன? அழுகை. பதினோரு மைல் கம்பி முழுக்க ஒரே அழுகை. "ஐயோ கடவுளே, இவ்வளவு சின்ன வயசு" என்று யாரோ சொல்கிறார்கள். "அந்தப் பொண்டாட்டி என்ன பண்ணுவா" என்று இன்னொரு குரல்.

ஆர்வினுக்காகத்தான் அழுகிறார்கள் என்று அவள் நினைத்துவிட்டாள். எப்படித் தெரிந்தது என்றெல்லாம் யோசிக்கவில்லை. எட்டாம் லைனில் எல்லாமே எல்லோருக்கும் தெரியும். அப்படியானால் இதுவும் தெரிந்துவிட்டது. அவர் பிழைக்கமாட்டார் என்பதும் இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

"ஹில்மா" என்றாள். அது கிணற்றுக்குள் விழுந்த ஊசி மாதிரி.

இத்தனை குரலுக்கு நடுவில் அந்த ஊசி விழுந்த சத்தம் ஹில்மாவுக்கு மட்டும் கேட்டது. பத்து நிமிஷத்தில் தொண்ணூறு கதவும் விழுந்துகிடந்த பலகைக்கு முன்னால், ஒரு காதில் ஊரே கத்திக்கொண்டிருக்க, அவளுக்குக் கேட்டது. இன்றுவரை எனக்கு அது விளங்கவில்லை.

"எல்லாரும் வெச்சிடுங்க" என்றாள். "கம்பி எனக்கு வேணும்."

ஒருவரும் வைக்கவில்லை. நாங்கள் கெட்டவர்கள் என்பதால் இல்லை. யாருமே கேட்டுக்கொண்டிருக்கவில்லையே! கேட்காதவர் எப்படி வைப்பது? வைத்தால் 'டக்' என்று சத்தம் வரும், அது ஒப்புக்கொண்ட மாதிரி. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அழுகை நின்றது, காதுகள் நின்றபடியே இருந்தன. மார்டிஸின் குரல் அப்படியும் மேலே வரவில்லை. "கை... ரத்தம்..." அவ்வளவுதான்.

அப்போது ஹில்மா, இருபத்தைந்து வருஷமாகக் காப்பாற்றி வந்த ஒன்றை உடைத்தாள்.

"ஆல்மா, உங்க குயில் கடிகாரம் கத்திட்டிருக்கு. வெச்சிடுங்க."

டக்.

"நெல்ஸ், உங்க மூச்சு விசிலடிக்குது. போய் உக்காருங்க."

டக்.

"க்ளாரிஸ், கேனரிக் குருவிக்கு விதை வைக்கலை போல. அப்படிக் கத்துது. போய் வை."

டக்.

"மிசஸ் லின்ட், தையல் மெஷினை மிதிக்கறதை நிறுத்திட்டா நீங்க இல்லைன்னு ஆயிடாது."

பாதிரியாரின் மனைவி! டக்.

ஒவ்வொரு வீட்டையும் அவள் கண்ணால் பார்ப்பது போலச் சொல்லிக்கொண்டே போனாள். கீச்சிடும் ராக்கிங் நாற்காலி, இருமும் மாமியார், கதவோரம் சுரண்டும் நாய். இருபத்தைந்து வருஷமாக நாங்கள் ஒளிந்துகொண்டிருந்ததாக நினைத்த இடத்தில், விளக்கு எப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. நாலாவதோ ஐந்தாவதோ என் பெயரும் வந்தது. நானும் முகம் சிவந்து, சட்டென்று வைத்துவிட்டேன்.

ஒவ்வொரு டக்குக்கும் மார்டிஸின் குரல் ஒரு மைல் கிட்டே வந்தது. கடைசியில் பக்கத்து அறையில் நிற்பவள் போல இருந்தது. ஹில்மா டாக்டரை இணைத்தாள். டாக்டர் ஸ்டெனர் கத்தினார்: "முழங்கைக்கு மேல பெல்ட்டைக் கட்டு. மரக் கரண்டியைச் செருகி முறுக்கு. ரத்தம் நிக்கிற வரைக்கும் முறுக்கு. விடாதே. நான் வர்றேன்."

டாக்டர் கிளம்பிப் போனதும் மார்டிஸ் கேட்டாள்: "எல்லாரும் ஏன் அழுதாங்க ஹில்மா? அவர் போயிடுவாருன்னு டாக்டர் சொல்லிட்டாரா?"

உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். ஆனால் அந்த வாக்கியத்தைக் கேட்டால் கரண்டியிலிருந்து கை நழுவும். பொய் சொல்லும் வழக்கமும் ஹில்மாவுக்கு இல்லை.

"அழுதவங்களை எல்லாம் அனுப்பிட்டேன்" என்றாள். "இப்ப நீயும் நானும்தான். கரண்டி எந்தக் கையில இருக்கு?"

"வலது கையில."

"ஆர்வின் என்ன சொல்றாரு?"

"அது நல்ல பெல்ட்டாம். சர்ச்சுக்குப் போட்டுக்கறதாம். வேற எடுன்னு சொல்றாரு."

"அப்ப நல்லாத்தான் இருக்காரு. முறுக்கு."

இருபத்திரண்டு நிமிஷம். எக்ஸ்சேஞ்சின் கண்ணாடி ஜன்னலைப் பாங்க் மேனேஜர் மோதிரத்தால் தட்டித் தட்டிப் பார்த்தார். ஹில்மா அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊர் முழுக்க அவள் பலகையில் கதவாக விழுந்துகிடந்தது. ஒன்றையும் தொடவில்லை. ஜனாதிபதி இறந்துவிட்டார் என்ற செய்தி உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. உலகத்தோடு எங்களை இணைப்பதற்காகவே உட்கார்ந்திருந்த அந்த ஒரு பெண்ணுக்கு அது கடைசியில்தான் தெரிந்தது.

இந்த இடத்தில் என் பங்கையும் சொல்லவேண்டும். ரிசீவரை வைத்த பிறகு என் வயிற்றுக்குள் ஏதோ உருண்டது. எங்கள் குடும்பத்துப் பெண்களுக்கு வருவதை முன்கூட்டியே உணரும் சக்தி உண்டு. யாரும் சொல்லாமலே கோட்டை மாட்டிக்கொண்டு, அரை மைல் தள்ளியிருந்த டோலெஃப்சன் வீட்டுக்குக் காரை விரட்டினேன். உள்ளே போனபோது மார்டிஸ் ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, தரையில் முட்டி போட்டிருந்தாள். உதடு வெளுத்திருந்தது. விரல்கள் வழுக்கிக் கரண்டி திரும்பத் தொடங்கியிருந்தது. நான் வாங்கிப் பிடித்தேன். அவள் அப்படியே என் மடியில் சாய்ந்தாள். சேற்றில் சிக்கிய டாக்டரின் கார் வந்து சேர்வதற்கு இன்னும் பதினைந்து நிமிஷம் ஆனது.

ஆர்வினின் கை போயிற்று. ஆர்வின் போகவில்லை. இன்றைக்கும் ஒற்றைக் கையால் சீட்டுக் கலைத்து என் கணவரை ஏமாற்றுகிறார். அழுகை யாருக்கானது என்பது மார்டிஸுக்கு அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. "பரவாயில்லை, அதுல கொஞ்சம் எங்களுக்கும்தான்" என்றாளாம். அடுத்த ஞாயிறு சர்ச்சில் எட்டாம் லைன்காரர்கள் யாரும் ஹில்மாவின் கண்ணைப் பார்க்கவில்லை. ஆனால் அவள் வீட்டு வாசலில் பதினேழு தட்டுகளில் 'பை' பலகாரம் இருந்தது, ஆப்பிளும் பூசணியுமாக. ஒன்றிலும் பெயர் எழுதவில்லை. தட்டை வைத்தே எது யாருடையது என்று அவள் கண்டுபிடித்திருப்பாள்.

இவ்வளவையும் எழுதி முடித்து, போன செவ்வாய்க்கிழமை அவளிடமே படித்துக் காட்டினேன். எண்பத்திரண்டு வயது. கண் மங்கிவிட்டது. காதுக்கு ஒன்றுமில்லை. மடியில் கையைக் கோத்துக்கொண்டு கேட்டாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கே லவோன்" என்றாள். "ஆனா நீ ரிசீவரை வைக்கலையே."

"வெச்சேன்! நாலாவதா என் பேரை..."

"உன் பேரை நான் கூப்பிடவே இல்லை. பன்னெண்டு பேர் இருந்தீங்க. பதினோரு பேரைத்தான் கூப்பிட்டேன். உன் வீட்டுக் காபி தளதளன்னு கொதிச்சு அடுப்புல வழிஞ்சிட்டிருந்தது. டாக்டர் சொன்னது, மார்டிஸ் கேட்டது, பெல்ட்டுப் பேச்சு, எல்லாத்தையும் எழுதியிருக்கியே, வெச்சிட்டா எப்படிக் கேட்டே?"

நான் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தேன்.

"அந்த ரோட்டுல டாக்டர் சேத்துல மாட்டுவாருன்னு எனக்குத் தெரியும்" என்றாள். "அதைக் கம்பியில சொன்னா மார்டிஸ் அங்கேயே உடைஞ்சுபோவா. கிட்டத்துல கார் இருந்தது உன் வீட்டுல மட்டும்தான். உன் பேரைச் சொன்னா நீயும் வெக்கப்பட்டு வெச்சிடுவே. விட்டா வைக்கவேமாட்டே. அதனால விட்டேன். வயிறு உருண்டுச்சாம், சக்தியாம்! மார்டிஸ் 'வழுக்குது'ன்னு சொன்னா, உடனே உன் வீட்டுக் கதவு அறைஞ்சுது. அப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு. அதை எழுது."